பழைய எம்எக்ஸ்-5, பந்தயத் தடம், ஆறு துண்டு கிளட்ச்: வாங்கலாமா?

கேள்வி, 2023 பிப்ரவரி 11, காலை

அண்ணா, என்னிடம் 1991ஆம் வருட யூனோஸ் ரோட்ஸ்டர் இருக்கிறது. 1600 சிசி, ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்கு இறக்குமதியான மாஸ்டா எம்எக்ஸ்-5 கார். எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. வருடத்துக்கு ஐந்தாறு முறை பிராண்ட்ஸ் ஹாட்ச், ஸ்னெட்டர்டன் என்று டிராக்கில் ஓட்டுகிறேன். போன முறை நான்காவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தபோது எஞ்சின் மட்டும் கத்தியது, வேகம் ஏறவில்லை. ஆறு துண்டு செராமிக் பிளேட்டும் அதற்கேற்ற கனமான பிரஷர் பிளேட்டும் ஒரு கடையில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கவலை இல்லையாம். வாங்கிவிடவா?

பிப்ரவரி 11, மதியம்

வாங்காதீர்கள் தம்பி. வேலையில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது 200 மில்லிமீட்டர் கிளட்ச். 1993இல் 1800 சிசி எஞ்சின் வந்தபோது மாஸ்டா அதை 215 ஆக்கியது. 1800இன் ஃபிளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்), பிளேட் (லைனிங் என்ற உராய்வுப் பொருள் பொருத்திய தட்டு), பிரஷர் பிளேட் (பிளேட்டை ஃபிளைவீலோடு ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடிப்பது) மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் எஞ்சினின் கிராங்க் தண்டில் அப்படியே உட்காரும், கியர்பாக்ஸை மாற்ற வேண்டியதில்லை. ஏழரை சதவீதம் கூடுதல் பிடிப்பு. சாதாரண ஆர்கானிக் லைனிங் போதும்.

பிப்ரவரி 11, இரவு

சாப்பிடும்போது யோசித்துப் பார்த்தேன். நாடி பிடிக்காமலேயே மருந்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் எஞ்சின் புதிதாக இருந்தபோதே 120 குதிரைத்திறன்தான், முறுக்குவிசை சுமார் 137 நியூட்டன் மீட்டர். முப்பது வருடத்தில் அது கூடியிருக்க வழியில்லை. அந்த 200 மில்லிமீட்டர் கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால் இந்தச் சுமையைத் தாங்கும். கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே வழுக்குகிறது என்றால், கிளட்ச் சிறியது என்பது கடைசி சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும். லைனிங் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் பட்டிருக்கலாம். பெடல் முழுதாக மேலே வராமல் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கலாம்.

கடைசியானதைச் சோதிக்கக் காசு வேண்டாம். பெடலைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதல் சில மில்லிமீட்டர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று போக வேண்டும். போகவில்லை என்றால் பெடலுக்குப் பின்னால் இருக்கும் தள்ளுகம்பியைச் சரிசெய்தாலே பாதி வியாதி தீரும். அடுத்து, காலியான சாலையில் நான்காவது கியரில் 2000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் வண்டியோடு சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. முள் மட்டும் துள்ளினால் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், ஒவ்வொரு தடவையும் லைனிங்கைத்தான் தீய்க்கிறீர்கள்.

பிப்ரவரி 14

“ஆறு துண்டு மேல் உங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

2012இல் நானும் இதே வண்டி, இதே வழுக்கல், இதே ஆசையோடு ஒரு பட்டறைக்குப் போனேன். ஆறு துண்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சாதாரண பிளேட்டில் லைனிங் வளையமாக முழுச் சுற்றும் ஓடும். இதில் பிஸ்கட் துண்டுகள் போல ஆறு இடத்தில் மட்டும் செராமிக் கலந்த உலோகம் இருக்கும். உராய்வு அதிகம், சூட்டைத் தாங்கும், எடை குறைவு. எனக்குப் போட்டதில் நடுவில் உதையை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங்கும் கிடையாது, கட்டையான ஹப் (பிளேட்டின் நடுப்பகுதி). மேலே இரண்டு மடங்கு கனமான பிரஷர் பிளேட். பழைய ஃபிளைவீலை லேத்தில் ஒரு தடவை ஓடவிட்டு முகத்தைச் சமப்படுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

டிராக்கில் பிரமாதமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கும் டிராக்குக்கும் இடையில்தான் நரகம். நான் இருப்பது ஈஸ்ட் ஹாம். பிராண்ட்ஸ் ஹாட்ச் போக டார்ட்ஃபோர்டில் தேம்ஸைத் தாண்ட வேண்டும். தெற்கே போகிறவர்களுக்கு எலிசபெத் ராணி பாலம். அந்தப் பாலத்தின் ஏற்றத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். கிளட்ச் பிடிக்கிற இடம் பெடலில் ஒரு நகக்கண் அளவு. அதற்கு மேலே ஒன்றுமில்லை, அதற்குக் கீழே எல்லாமே. ஒவ்வொரு முறையும் வண்டி உதறிக்கொண்டு தவளை மாதிரி தாவியது. பின்னால் நின்ற லாரிக்காரர் எனக்கு எல் பலகை மாட்டவில்லையே என்று பார்த்திருப்பார். மனைவி அன்றுமுதல் அந்த வண்டியில் ஏறவில்லை. இன்றுவரை.

அதோடு போகவில்லை. கனமான ஸ்பிரிங்கை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்த விசை முழுவதும் கிராங்கை முன்னால் தள்ளுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய த்ரஸ்ட் பேரிங் ஒன்றுதான். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கிற என் போன்ற சோம்பேறிகளுக்கு இது ஆகாது. இன்னொரு பக்கம், 1600 வண்டியின் பின்னால் இருப்பது ஆறு அங்குல டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி). 1800இல் மாஸ்டாவே அதை ஏழு அங்குலமாக மாற்றியது, காரணம் இல்லாமல் இல்லை. மெத்தென்று பிடிக்கிற கிளட்ச் உதையை வாங்கிக்கொள்ளும். என்னுடையது வாங்கிக்கொள்ளாமல் அப்படியே பின்னால் அனுப்பியது. இரண்டாவது கோடையில், டிராக்கில் அல்ல, ஒரு பெட்ரோல் நிலையத்திலிருந்து கிளம்பும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். கிளட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஃபரென்ஷியலுக்குள் பல் போயிருந்தது.

பிப்ரவரி 15

திருத்தம். ஏழரை சதவீதம் என்று எழுதியதை ஒரு கணக்கு வாத்தியார் பிடித்துவிட்டார், நன்றி. கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை என்பது உராய்வு, அழுத்தும் விசை, லைனிங்கின் சராசரி ஆரம் மூன்றின் பெருக்கல், அதை பிளேட்டின் இரண்டு பக்கத்துக்காக இரண்டால் பெருக்க வேண்டும். வெளிவிட்டம் இந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை. லைனிங் அகலம் 35 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சராசரி ஆரம் 82.5இலிருந்து 90 மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது 9 சதவீதம். 1800இன் பிரஷர் பிளேட் அழுத்தும் விசையும் கூடுதல் என்பதால் உண்மையில் கிடைப்பது இன்னும் அதிகம். நான் சொன்ன யோசனை மாறவில்லை, கணக்குதான் தப்பு.

பிப்ரவரி 26

தம்பி கியர்பாக்ஸை இறக்கிப் படம் அனுப்பியிருக்கிறார். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் கருப்பாகப் பசை, பிளேட்டின் ஒரு ஓரம் ஈரம். லைனிங் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது! ஆக, எண்ணெய்.

உடனே “கிராங்கின் பின்பக்க எண்ணெய் சீல் போய்விட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுங்கள். நானும் அப்படித்தான் 2014இல் ஒரு வார இறுதியைத் தொலைத்தேன். சீலை மாற்றி, எல்லாவற்றையும் ஏற்றி, இரண்டு மாதத்தில் மறுபடி அதே ஈரம். கடைசியில் குற்றவாளி மேலே உட்கார்ந்திருந்தது. சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்தில், எஞ்சினுக்கும் காபினுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்று ஓர் உருளை செருகியிருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் வளையம். முப்பது வருடத்தில் அது பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடும். அங்கே கசிகிற எண்ணெய் எஞ்சினின் முதுகில் வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடுக்கில் இறங்கி, பின் சீல்தான் அழுகிறது என்று நம்மை நம்ப வைக்கும். வளையத்தின் விலை ஒரு தேநீருக்குக் கூட வராது. கழற்றும் முன் சென்சார் உட்கார்ந்திருக்கும் நிலையைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இக்னிஷன் டைமிங் நகர்ந்துவிடும்.

பெட்டியை இறக்கியாகிவிட்டது, ஆகவே பின் சீலையும் மாற்றிவிடுங்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஃபிளைவீல் போல்ட்டுகளின் மரையில் சீலண்ட் தடவ மறக்காதீர்கள், அந்தத் துளைகள் வழியாகவும் எண்ணெய் வரும்.

எண்ணெய் குடித்த பிளேட்டை பிரேக் கிளீனர் அடித்துக் காய வைத்துத் திரும்பப் போடலாமா என்றால், கூடாது. மேலே காய்ந்தது போலத் தெரியும். சூடேறியதும் உள்ளே குடித்ததைக் கக்கும்.

மார்ச் 3

நள்ளிரவு, தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அப்பாவின் பட்டறை நினைவு.

சங்ககிரியில் லாரிப் பட்டறை. அங்கே யாரும் புது கிளட்ச் பிளேட் வாங்க மாட்டார்கள். பழைய லைனிங்கின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, தட்டை உரித்து, புது லைனிங் வைத்து மறுபடி ரிவெட் அடிப்பார்கள். பித்தளை ரிவெட். தலை லைனிங்குக்குள் அமுங்கி உட்கார வேண்டும், இல்லையென்றால் ஃபிளைவீலில் கோடு இழுத்துவிடும். நான் அடித்தவற்றை அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். நெருடினால் ஒன்றும் பேச மாட்டார், உளியை நீட்டுவார், அவ்வளவுதான். ஹவுசிங்குக்குள் இருந்த தூசியை வாயால் ஊதி ஊதித் துடைப்போம். அது ஆஸ்பெஸ்டாஸ் என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்? தம்பி, பழைய வண்டியின் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒரு லாரி கிளட்ச் வேலைக்கு வந்தால் அப்பா முதலில் கீழே குனிய மாட்டார். கதவைத் திறந்து கிளட்ச் பெடலின் ரப்பரைப் பார்ப்பார். கோடுகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தால் டிரைவரிடம் திரும்பி, “கால் வைக்க வேற இடமே கிடைக்கலையா?” என்பார். பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர் என்று அர்த்தம். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. தூங்கப் போகிறேன்.

மார்ச் 12

எடை குறைந்த ஃபிளைவீல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். “டிராக் வண்டிக்கு அவசியம்” என்று நானே முன்பு சொல்லிக்கொண்டு திரிந்தவன். இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நான்கு கிலோ குறைக்கிறோம், அந்த எடை சராசரியாக நடுவிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வண்டியின் வேகமெடுப்பில் எவ்வளவு எடை குறைந்ததற்குச் சமம் என்பது கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் கியர் 3.136, பின்னால் டிஃபரென்ஷியல் 4.3. 185/60 14 டயருக்குக் கணக்கு செய்தால் முதல் கியரில் சுமார் 87 கிலோ! ஒரு ஆளையே இறக்கிவிட்ட மாதிரி. மூன்றாவது கியரில் 16 கிலோ. நான்காவதில் 9 கிலோ. டிராக்கில் முதல் கியரை எங்கே போடுகிறோம்? டிராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் பிட் சந்திலிருந்து கிளம்பும்போது மட்டும். மற்ற நேரமெல்லாம் மூன்றும் நான்கும்தான். அந்த 9 கிலோவை ஸ்பேர் டயரை வீட்டில் வைத்துவிட்டுப் போயே சம்பாதிக்கலாம்.

கியர் இறக்கும்போது குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டுவோமே, அப்போது எஞ்சின் சட்டென்று சுற்று ஏறும். அந்தச் சுகம் உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெலிந்த ஃபிளைவீல் சூட்டையும் குறைவாகத்தான் வாங்கிக்கொள்ளும். வழுக்கும் கிளட்சோடு சேர்ந்தால் ஃபிளைவீலின் முகத்தில் சூட்டால் நீலப் புள்ளிகள் சீக்கிரம் வந்துவிடும். சும்மா நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற சத்தம் வேறு. 1800இன் சாதாரண ஃபிளைவீலே போதும். பழையது கிடைத்தால் லேத்தில் கொடுத்து முகத்தை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

மார்ச் 13

டர்போ போட்டவர் “எனக்கு எந்த கிளட்ச்?” என்று கேட்டதற்கு: 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் 215 பிளேட், அதே ஆர்கானிக் லைனிங், ஸ்பிரிங் உள்ள ஹப், கொஞ்சம் கனமான பிரஷர் பிளேட். எக்ஸெடி, ஏசிடி என்ற இரண்டு கிளட்ச் கம்பெனிகளிடமும் இந்த வகை உண்டு. அதுவும் வழுக்கினால் மட்டும் துண்டு பிளேட். அதற்கும் முன்னால் ஏழு அங்குல டிஃபரென்ஷியலுக்குக் காசு சேருங்கள்.

மார்ச் 19

தம்பி வீட்டு வாசலில் நேற்று முழுக்க வேலை. இரண்டு பேர், நான்கு ஸ்டாண்டு, ஒரு ஃபிளாஸ்க் காபி, மதியத்துக்கு அவர் மாமியார் கொடுத்தனுப்பிய புளிச்சோறு.

இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் நீளமான ஒரு அலுமினியச் சட்டம் இணைக்கிறது. கழற்றுவது எளிது. திரும்பப் பூட்டும்போது கியர்பாக்ஸின் பின்பகுதி எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பூட்ட வேண்டும். அவசரப்பட்டால் வண்டி முழுக்க அதிர்வு. பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு ஒரே வழி, பாக்ஸைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்துவிட்டு, நீட்டிப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று மாட்டி, வண்டியின் பின்புறத்திலிருந்தே திருகுவது. கிட்டத்தட்ட ஒரு ஆள் நீளம் வந்தது. தம்பி பின்னாலிருந்து திருக, நான் முன்னால் படுத்துக்கொண்டு, “இன்னும் மேலே, வலது பக்கம், இல்லை, என்னுடைய வலது!” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் இரண்டும் புதிது. பிளேட்டை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் கம்பியைச் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். கியர் குச்சியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது, அதையும் மாற்றிப் புது எண்ணெய் ஊற்றினோம். அதுவரை காபினுக்குள் வந்துகொண்டிருந்த சூடு எங்கிருந்து என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

கேம் சென்சார் வளையத்தை வெளியே எடுத்தபோது கையிலேயே இரண்டாக ஒடிந்தது. பின் சீல் நன்றாகவே இருந்தது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

இனி 800 கிலோமீட்டர் ஊருக்குள் சாதாரணமாக ஓட்டுங்கள். அதுவரை டிராக் கிடையாது. லைனிங்கும் ஃபிளைவீலும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும்.

மே 7

நேற்று பிராண்ட்ஸ் ஹாட்ச், சின்னச் சுற்று. நான் பக்கத்து இருக்கையில். கிளட்ச் அருமையாகப் பிடிக்கிறது, வழுக்கல் துளியும் இல்லை. பெடல் கனமாகவில்லை.

எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்று 1.94 கிலோமீட்டர், அதில் ஆறு முறை கியர் மாற்றுகிறார். இருபது நிமிடத்தில் பதினெட்டுச் சுற்று. நூற்றுச் சொச்சம் முறை கிளட்ச், ஒவ்வொன்றும் அரை நொடிகூட இல்லை. காலையில் நெரிசலில் பாலத்தைத் தாண்டி வருவதற்குள் அந்தக் கிளட்ச் இதைவிட அதிகம் உழைத்திருக்கும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். பேடக் ஹில் வளைவில் வண்டி வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பள்ளத்தில் விழும். அங்கே எதேச்சையாகக் கீழே பார்த்தேன். தம்பியின் இடது கால் பெடல் மேல். ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசியிலும் அப்படியே. கிளார்க் வளைவு முழுக்க, மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில், இடது கால் கிளட்ச் மேல் ஊன்றியிருந்தது. பிட்டுக்கு வந்ததும் வண்டி ஆறுவதற்கு முன்பே குனிந்து பெடல் ரப்பரைப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மார்ச் 3 இரவு ஏன் அப்பாவைப் பற்றி எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. தம்பி வீட்டு வாசலில் நாள் முழுக்க அந்த வண்டியின் அடியில் கிடந்தேன், கதவைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அவரைத் திட்டிப் பயனில்லை. தொழிற்சாலை இருக்கை வளைவில் உடம்பைப் பிடிப்பதில்லை, வலப்பக்கம் திரும்பினால் உடம்பு இடப்பக்கம் சரிகிறது, கால் கிடைத்த இடத்தில் ஊன்றுகிறது. எண்ணெய் பாதிக் குற்றம், கால் பாதிக் குற்றம். அந்தக் காலுக்கு ஆறு துண்டு போட்டிருந்தாலும் தின்றிருக்கும். செராமிக் கிளட்சுக்கு ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறது என்றார். பக்கெட் இருக்கை ஒன்றுக்குச் சரியாக வரும்.

மே 7, இரவு

நேற்று திரும்பும் வழியில் டார்ட்ஃபோர்டு சுரங்கத்துக்கு முன்னால் கிளட்ச் பெடல் தரைக்குப் போய்விட்டது. என் வண்டியில்! ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடலின் விசையைத் திரவ அழுத்தம் மூலம் வாங்கி கிளட்சைத் தள்ளும் சின்ன உருளை. இரண்டு வருடமாக ரப்பர் உறையை உரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கிளட்ச் இல்லாமல் சுற்றை அனுமானித்து கியர் மாற்றி, சிக்னலில் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் வைத்தபடியே சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் இழுக்க இழுக்க வீடு வந்து சேர்ந்தேன். பின்னாலேயே வந்த தம்பி சிரித்துக்கொண்டே வந்தாராம்.

ஜூன் 18

தம்பியிடமிருந்து: “இருக்கை மாட்டிவிட்டேன், அண்ணா. பெடல் ரப்பரும் புதிது. அடுத்த வருடம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.”

ஜூன் 20

கழற்றிய 200 மில்லிமீட்டர் ஃபிளைவீல் என் கராஜில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் ஈஸ்ட் ஹாம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட் கிடையாது, அதைக் குப்பையில் போட்டாயிற்று.